ஸ்நார்க்: ஒரு படகும் சில தம்பதிகளும்

வேலையை விட்டுவிட்டு, வீட்டை விற்று, சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கி, கணவனும் மனைவியும் தீவு தீவாகச் சுற்றுகிறார்கள் என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். கூடவே ஒரு படமும் இருக்கும். நீலக் கடல், சாய்ந்த தென்னை, படகின் மேல்தளத்தில் காப்பிக் கோப்பையோடு இருவர். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற நமக்குப் பெருமூச்சு வராமல் என்ன செய்யும்! இந்த ஆசைக்கு நூறு வருடத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அதில் என்னை ரொம்பவும் இழுத்த ஒரு பயணத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

போனவர்கள் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனும் அவர் மனைவி சார்மியனும். படகின் பெயர் ஸ்நார்க். 1907 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி ஹவாய், மார்க்கேசஸ், தாஹிதி, சமோவா, ஃபிஜி, நியூ ஹெப்ரடீஸ் (இன்றைய வனுவாட்டு), சாலமன் தீவுகள் என்று 1908 கடைசி வரை பசிபிக் கடலில் சுற்றினார்கள். இதைப் பற்றி மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. ஜாக் எழுதியது 1911-இல் வந்தது. படகில் சமையல்காரராகச் சேர்ந்த மார்ட்டின் ஜான்சன் எழுதியது 1913-இல். சார்மியன் தன் நாட்குறிப்பிலிருந்து எழுதியது 1915-இல்.

பொதுவாக இந்தப் பயணத்தை ஒரு சாகசக் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு இது வேறொரு கேள்வியாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் அந்தக் கடலில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் இஷ்டப்படி சேர்ந்து போக, சேர்ந்து இருக்க, சேர்ந்து திரும்ப யாருக்கு முடிந்தது? ஸ்நார்க் போன வழியிலேயே அதற்குப் பதில் கிடைக்கிறது.

முதலில் படகைப் பார்ப்போம்.

1905 கோடையில் கலிஃபோர்னியாவில் க்ளென் எல்லன் என்ற ஊரில் ஜாக்கும் சார்மியனும் ஒரு புத்தகம் படித்தார்கள். ஜோஷுவா ஸ்லோகம் என்ற மாலுமி, 1895-லிருந்து 1898 வரை ஸ்ப்ரே என்ற சின்னப் படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்த கதை அது. தனி ஆளாக அவர் போகும்போது நாம் ஏன் போகக்கூடாது என்று பேச்சு கிளம்பியது. அந்த வருடம் நவம்பரில் இருவருக்கும் கல்யாணம். ஏழு வருடம், உலகம் முழுக்க, சொந்தப் படகில் என்பது திட்டம்.

படகு கட்ட 7000 டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். கடைசியில் ஆனது சுமார் 30,000 டாலர். வீடு கட்டியவர்கள் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது :-) ஆனால் ஜாக்குக்கு ஒரு நல்ல சாக்கு இருந்தது. படகின் அடியில் வரும் இரும்பு முதுகெலும்பை வார்க்க நாள் குறித்திருந்தது 1906 ஏப்ரல் 18. அன்று விடியற்காலையில்தான் சான் பிரான்சிஸ்கோவை அந்தப் பெரிய பூகம்பம் தாக்கியது. நகரமே எரிந்து கிடந்தபோது மரம், இரும்பு, ஆள்கூலி எல்லாம் விலை ஏறிவிட்டன. நல்ல சாமானுக்குக் காசு கொடுத்து மட்டமான சாமானை வாங்கினார்கள். கிளம்புகிற நேரத்தில் ஒரு வியாபாரி கடன் பாக்கிக்காகப் படகையே பிடித்து வைத்தார். படகுக்குப் பெயர் வைத்தது லூயிஸ் கரோலின் ஒரு வேடிக்கைப் பாட்டிலிருந்து. அந்தப் பாட்டில் ஸ்நார்க் என்பது யார் கண்ணிலும் அகப்படாத ஒரு பிராணி. பொருத்தமான பெயர்தான்.

1907 ஏப்ரல் 23 அன்று கிளம்பினார்கள். கிளம்பியவுடனே படகு ஒழுக ஆரம்பித்தது. இன்ஜின் பீடத்திலிருந்து பெயர்ந்து உபயோகமில்லாமல் கிடந்தது. சார்மியனின் சித்தப்பா முறை ரோஸ்கோ ஈம்ஸ்தான் கேப்டன். அவருக்குப் படகு ஓட்டத் தெரியும். ஆனால் நடுக்கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரியாது என்பது கரை மறைந்த பிறகுதான் வெளிப்பட்டது. போதாததற்கு அவர், பூமி ஒரு பந்து, நாமெல்லாம் அந்தப் பந்தின் உட்புறத்தில் வாழ்கிறோம் என்று நம்புகிறவர்! ஜாக் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சூரியனை அளந்து, அட்டவணையைப் பார்த்து, சில நாளில் தானே அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 27 நாள் கழித்து ஹவாயில் முத்துத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள்.

இந்தப் படகை ஓட்டியது காற்று என்று நினைக்கலாம். உண்மையில் ஓட்டியது ஜாக்கின் பேனா. தினமும் ஆயிரம் வார்த்தை என்பது அவர் நியமம். புயல் என்றாலும், வாந்தி என்றாலும் காலையில் அந்த ஆயிரம் வார்த்தை முடியவேண்டும். பத்திரிகைகள் அனுப்பும் காசில்தான் மராமத்து, சம்பளம், சாப்பாடு எல்லாம். அவருடைய முக்கிய நாவலான மார்ட்டின் ஈடன் இந்தப் பயணத்தில் எழுதப்பட்டதுதான். ஹவாயில் தொடங்கி தாஹிதியில் முடித்தார். கையால் எழுதியதைத் தட்டச்சு செய்து அனுப்பும் நிலைக்குக் கொண்டுவந்தது சார்மியன். அதோடு, மற்ற ஆண்களைப்போலவே அவரும் முறை போட்டுக்கொண்டு ராத்திரியில் சுக்கான் பிடித்தார். பெண்கள் குதிரையில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும் என்றிருந்த காலத்தில் இரண்டு பக்கமும் கால் போட்டுச் சவாரி செய்தவர் அவர். இருவரும் ஒருவரை ஒருவர் 'மேட்' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். துணை என்றும் அர்த்தம், கப்பலில் கூட வேலை செய்பவர் என்றும் அர்த்தம். 1907-இல் இப்படி ஒரு தாம்பத்தியம் அபூர்வம். அந்த மரியாதையை இந்தத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டே மேலே போகிறேன்.

ஹவாயில் இருவரும் ஐந்து மாதம் இருந்தார்கள். வைகிகி கரையில் ஜாக் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு, வெயிலில் வெந்து, நாலைந்து நாள் படுக்கையில் கிடந்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரை, அந்த விளையாட்டு அமெரிக்கக் கரைகளில் பரவியதற்கு ஒரு காரணம் என்பார்கள். ஜூலையில் இருவரும் மொலோகாய் தீவில் கலாவ்பாப்பா என்ற இடத்துக்குப் போனார்கள். ஒரு பக்கம் செங்குத்து மலை, மூன்று பக்கம் கடல். தொழுநோயாளிகளை ஹவாய் அரசு 1866-லிருந்து அங்கேதான் கொண்டுபோய் விட்டது. அந்தச் சட்டம் 1969-இல் முடியும் வரை சுமார் 8000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் ஹவாயின் பூர்வகுடிகள். நோய் அவர்கள் தீவில் இருந்ததே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்தது.

ஜாக் அங்கே ஒரு வாரம் தங்கி, நோயாளிகளோடு பழகி, உலகம் நினைப்பதுபோல இது நரகம் அல்ல, இவர்களும் சிரித்து விளையாடி வாழ்கிறார்கள் என்று எழுதினார். அன்றைக்கு இருந்த பீதியில் அது நல்ல காரியம். ஆனால் அங்கே வருவதற்கு முன் அந்த மனிதர்கள் எப்படிப் பிடிக்கப்பட்டார்கள்? இந்த இடத்தில்தான் இரண்டாவது தம்பதி வருகிறார்கள்.

கவாய் தீவில் கோஓலாவ் என்று ஒரு மாடு மேய்ப்பவர். மனைவி பிஇலானி. ஒரு சின்னப் பையன். அப்பாவுக்கும் பையனுக்கும் நோய் வந்தது. மொலோகாய்க்குப் போ என்றது அரசு. மனைவியும் கூட வரட்டும், வருகிறேன் என்றார் கோஓலாவ். முடியாது என்றார்கள். குடும்பம் கலாலாவ் என்ற பள்ளத்தாக்கில் போய் ஒளிந்துகொண்டது. 1893-இல் பிடிக்க வந்த துணை ஷெரிஃப் லூயிஸ் ஸ்டோல்ஸை கோஓலாவ் சுட்டுக் கொன்றார். பிறகு பீரங்கியோடு சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களாலும் பிடிக்க முடியவில்லை. ஆட்களை இழந்து திரும்பிப் போனார்கள். மூன்று வருடத்துக்கு மேல் அந்தக் காட்டில் மூன்று பேரும் ஒளிந்து வாழ்ந்தார்கள். முதலில் பையன் போனான். பிறகு கணவர் போனார். பிஇலானி இருவரையும் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டுத் தனியாக மலையிறங்கி வந்தார். அவர் சொன்ன வரலாறு 1906-இல் ஹவாய் மொழியில் புத்தகமாக வந்தது. அதாவது ஸ்நார்க் ஹவாய்க்கு வருவதற்கு முந்தின வருடம்.

ஜாக் இந்தக் கதையைக் கேட்டது வேறொருவரிடம். ஸ்நார்க்கில் இன்ஜின் பார்த்துக்கொண்ட பெர்ட் ஸ்டோல்ஸ், கொல்லப்பட்ட ஷெரிஃப்பின் மகன்! அதை வைத்து ஜாக் பின்னால் ஒரு சிறுகதை எழுதினார். அதில் கோஓலாவ் தனி வீரன். சிப்பாய்களை எதிர்த்து நின்று தனியாகவே சாகிறான். மனைவியும் இல்லை, மகனும் இல்லை. கதையாகப் பார்த்தால் நல்ல கதை. அடக்குமுறைக்கு எதிரான கதையும்கூட. ஆனால் மனைவியோடு சேர்ந்து உலகம் சுற்றக் கிளம்பிய ஒரு எழுத்தாளர், மனைவியைப் பிரியமாட்டேன் என்பதற்காகவே துப்பாக்கி எடுத்த ஒருவனின் கதையிலிருந்து அந்த மனைவியை எடுத்துவிட்டார். படிக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

அக்டோபரில் ஹீலோ துறைமுகத்திலிருந்து கிளம்பி 60 நாள் கடலிலேயே இருந்தார்கள். வழியில் ஒரு கப்பல்கூடக் கண்ணில் படவில்லை. யாரோ குழாயைத் திறந்து விட்டுவிட்டதால் பாதித் தண்ணீர் போய்விட்டது. அளந்து அளந்து குடித்தார்கள். கடைசியில் மழை வந்து காப்பாற்றியது. டிசம்பரில் மார்க்கேசஸ் தீவுக் கூட்டத்தில் நுக்குஹீவா வந்து சேர்ந்தார்கள்.

இங்கே வருவது ஜாக்கின் சிறுவயதுக் கனவு. ஹெர்மன் மெல்வில் 1842-இல் திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து ஓடிப்போய் இந்தத் தீவில் தைப்பி என்ற பள்ளத்தாக்கில் சில வாரம் இருந்தார். 1846-இல் அதைப் புத்தகமாக எழுதினார். ஆரோக்கியமும் அழகும் கொண்ட மக்கள், பழமரங்கள், கவலையில்லாத வாழ்க்கை. தென்கடல் சொர்க்கம் என்று உலகம் கற்பனை செய்வதற்கு அந்தப் புத்தகம் ஒரு பெரிய காரணம். ஜாக்கும் சார்மியனும் குதிரையேறி அதே பள்ளத்தாக்குக்குப் போனார்கள். காடு மண்டிக் கிடந்தது. வீடுகள் இருந்த கல்மேடைகள் மட்டும் வரிசையாக நின்றன. மிச்சமிருந்த கொஞ்சம் பேரைக் காசநோயும் தொழுநோயும் யானைக்கால் நோயும் தின்றுகொண்டிருந்தன. ராத்திரி முழுக்க இருமல் சத்தம் கேட்டது.

மெல்வில் வந்த அதே 1842-இல்தான் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவுகளைத் தங்களுடையது என்று அறிவித்தார்கள். கப்பல்கள் வந்தன. கூடவே அம்மை, காசநோய், சாராயம், துப்பாக்கி எல்லாம் வந்தன. 1920-களில் மார்க்கேசஸ் தீவுகள் முழுவதிலுமே சுமார் 2000 பேர்தான் மிஞ்சினார்கள். கடலில் வழி கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான மைல் போய்த் தீவுகளில் குடியேறிய ஒரு இனம், தன் கரைக்கு வந்த கப்பல்களால் அழிந்தது.

தாஹிதிக்கு வந்தபோது தபாலில் வேறொரு செய்தி காத்திருந்தது. ஸ்நார்க் மூழ்கிவிட்டது என்று அமெரிக்காவில் பேச்சு. 1907-இல் அங்கே வங்கிகள் தடுமாறிக்கொண்டிருந்த நேரம் வேறு. ஜாக்கின் பணவிவகாரங்கள் குழம்பிப்போயின. இருவரும் நீராவிக் கப்பலில் டிக்கெட் எடுத்து சான் பிரான்சிஸ்கோ போய், கணக்கு வழக்கைச் சரி செய்துவிட்டு, அடுத்த கப்பலில் தாஹிதி திரும்பினார்கள். சொந்தப் படகில் சுதந்திரமாகப் போகிறோம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு வங்கி, ஒரு தபால், ஒரு நீராவிக் கப்பல் இருந்தே தீரவேண்டியிருக்கிறது.

தாஹிதிக்குப் பக்கத்தில் தஹா தீவில் தேஹெய் என்பவரும் அவர் மனைவி பிஹௌராவும் இவர்களை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். தங்கள் படுக்கையைக் கொடுத்து, விருந்து வைத்து, போகும்போது பழமும் கோழியும் படகு நிறையக் கொடுத்தனுப்பினார்கள். தன் வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த விருந்தோம்பல் என்று ஜாக் அதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். தேஹெய் கடலோடி. ஸ்நார்க்கில் சேர்ந்து சாலமன் தீவுகள் வரை வந்தார். பிஹௌரா ஊரில் இருந்தார். படகு முதலாளிக்குத்தான் மனைவியைக் கூட்டிப்போகும் வசதி. படகில் வேலை செய்பவருக்கு அது கிடையாது. அன்றைக்கு அதை யாரும் குறையாக நினைத்திருக்க மாட்டார்கள்.

சமோவாவில் ஸ்டீவன்சனின் சமாதியைப் பார்த்துவிட்டு, 1908 மே கடைசியில் ஃபிஜியில் சுவா துறைமுகத்துக்கு வந்தார்கள். அங்கே கேப்டன் விலகிக்கொள்ள, ஜாக் தானே கேப்டனாகி நியூ ஹெப்ரடீஸ் நோக்கிக் கிளம்பினார். ஸ்நார்க் புத்தகங்களில் ஃபிஜி ஒரு சின்ன நிறுத்தம். நம் ஊர்க்காரர்களுக்கு அது சின்ன நிறுத்தம் இல்லை.

1879-லிருந்து 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முதலில் எல்லோரும் கல்கத்தாவிலிருந்து. 1903-லிருந்து சென்னையிலிருந்தும் கப்பல் போனது. தமிழர், தெலுங்கர், மலையாளிகள் என்று மொத்தம் சுமார் 15,000 பேர். நான் வேலை பார்ப்பது லக்னோவில். இங்கிருந்து கிழக்கே பஸ்தி, கோண்டா மாவட்டங்கள்தான் ஃபிஜிக்கு மிக அதிகமாக ஆள் போன இடங்கள். ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தை அவர்கள் வாயில் 'கிர்மித்' ஆனது. போனவர்கள் 'கிர்மிதியா' ஆனார்கள். ஃபிஜிக்குப் போன தென்னிந்தியர்கள் பிறகு அங்கேயே அந்த வார்த்தையையும் ஒரு ஹிந்தியையும் கற்றுக்கொண்டார்கள்.

ஸ்நார்க் சுவாவில் நின்ற அந்த நாட்களில் கிர்மித் முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், அதுவும் கொடுத்த வேலையை முழுசாக முடித்தால். வேலைக்கு வராமல் போனால் அது குற்றம், கோர்ட்டுக்கு இழுப்பார்கள். 100 ஆணுக்கு 40 பெண் என்ற கணக்கில்தான் கப்பல் ஏற்றினார்கள். குடியிருப்பு என்பது வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். பத்தடிக்கு ஏழடி அறை. கல்யாணமாகாத ஆண்கள் மூன்று பேருக்கு ஒரு அறை, அல்லது ஒரு தம்பதிக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் ஒரு அறை. அடுத்த அறையைப் பிரிக்கும் தடுப்பு கூரை வரை போகாது. கணவன் மனைவி பேசுவது பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கும். எத்தனை கொலைகள், எத்தனை தற்கொலைகள்! தற்கொலை விகிதம் இந்தியாவில் இருந்ததைவிடப் பல மடங்கு. தோட்ட முதலாளிகளின் பதில், கூலிகளுக்கு ஒழுக்கம் போதாது என்பது.

இதை உள்ளிருந்து எழுதியவர் தோதாராம் சனாட்யா. ஃபிரோசாபாத் பக்கத்திலிருந்து 1893-இல் ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்டு, 21 வருடம் ஃபிஜியில் இருந்து திரும்பி, ஹிந்தியில் தன் அனுபவத்தைச் சொன்னார். சி.எஃப். ஆண்ட்ரூஸ் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். நம் பாரதி ஃபிஜித் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடியதும் இதே விஷயம்தான். 1916-இல் ஆள் ஏற்றுவது நின்றது. 1920 ஜனவரி 1-ஆம் தேதி மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்தாயின. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஊர் திரும்பவில்லை. சாது குப்புசாமி 1926-இல் தொடங்கிய சங்கம் இன்றும் அங்கே தென்னிந்திய வம்சாவளியினருக்காகப் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது.

ஜாக் பார்க்காததற்கு அவரைத் திட்ட நான் இதைச் சொல்லவில்லை. ஒரு துறைமுகத்தில் சில நாள் நின்ற படகுக்கு எல்லாம் தெரியாது. ஆனால் அதே துறைமுகம், அதே வருடம். ஒரு தம்பதி அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு அடுத்த தீவைத் தேடிப் போகிறார்கள். இன்னொரு தம்பதி பத்துக்கு ஏழடி அறையில் ஐந்து வருடம் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சாலமன் தீவுகளில் ஜாக் இதே வியாபாரத்தை மிக நெருக்கமாகவே பார்த்தார். குவாடல்கனாலில் ஒரு தென்னந்தோட்டத்தில் இருவரும் விருந்தாளிகளாகத் தங்கினார்கள். பிறகு மினோட்டா என்ற படகில் ஏறி மலைட்டா தீவுக்குப் போனார்கள். மினோட்டாவின் வேலை தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது. ஆண்டுக்கு ஆறு பவுன் கூலி. முந்தைய கேப்டனைச் சில மாதம் முன்புதான் மலைட்டாக்காரர்கள் கொன்றிருந்தார்கள்; அறைக் கதவில் கோடாலித் தழும்பு அப்படியே இருந்தது. சார்மியனும் இடுப்பில் ரிவால்வர் வைத்துக்கொண்டார். மலைட்டா கரையில் படகு பவளப்பாறையில் மாட்டிக்கொள்ள, சுற்றிலும் ஆயுதத்தோடு வள்ளங்கள் கூட, சில நாள் போராடித்தான் மீண்டார்கள்.

மலைட்டாக்காரர்களுக்கு ஏன் அத்தனை கோபம்? 1863-லிருந்து 1904 வரை இந்தத் தீவுகளிலிருந்தும் நியூ ஹெப்ரடீஸிலிருந்தும் சுமார் 62,000 ஒப்பந்தங்களில் ஆட்களை ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆரம்பத்தில் பலரைக் கடத்தியும் ஏமாற்றியும். ஆயிரக்கணக்கானோர் அங்கேயே நோயில் செத்தார்கள். வெள்ளையருக்கே ஆஸ்திரேலியா என்று முடிவானதும், 1906-லிருந்து 1908-க்குள் ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்நார்க் வந்த சமயத்தில் அப்படித் திரும்பியவர்கள் துப்பாக்கியோடும் பழைய கணக்கோடும் ஊரில் இருந்தார்கள். ஜாக்கின் எழுத்தில் இந்தக் காரணம் பின்னால் போய், தலை வெட்டும் காட்டுமிராண்டிகள் முன்னால் வந்துவிடுகிறார்கள். வெள்ளை இனம்தான் ஆளப் பிறந்தது என்ற அந்தக் காலத்து நம்பிக்கை அவருக்கும் இருந்தது. சோஷலிசம் பேசியவர் என்பதால் இது இன்னும் கசக்கிறது. ஆனாலும் கண் பார்த்ததைக் கை எழுதாமல் விடவில்லை. மாவ்கி என்ற கதையில் ஒரு மலைட்டா தோட்டக் கூலி திரும்பத் திரும்பத் தப்பி ஓடுகிறான். தாஹிதியில் தவறாகத் தலை வெட்டப்படும் சீனக் கூலியைப் பற்றியும் ஒரு கதை உண்டு. முதலாளியின் பக்கம் நின்று பார்த்தாலும் கூலியின் முதுகில் இருந்த தழும்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குள் படகே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. எல்லோருக்கும் மலேரியா. உடம்பெங்கும் ஆறாத புண்கள். ஜாக் பாதரசம் கலந்த மருந்தை எல்லோருடைய புண்ணிலும் பூசினார். (பின்னாளில் அவர் சிறுநீரகம் கெட்டதற்கு அந்தப் பாதரசமும் காரணமாக இருக்கலாம் என்பவர்கள் உண்டு.) அவர் கைகள் வீங்கித் தோல் உரிந்தன, கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. நவம்பரில் நீராவிக் கப்பலேறி சிட்னி போய், ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தார். தோல் நோய் என்னவென்று டாக்டர்களுக்கே புரியவில்லை. வெப்பமண்டலத்து வெயில்தான் காரணம் என்று பிறகு அவர் முடிவுக்கு வந்தார். ஏழு வருடத் திட்டம் இருபது மாதத்தில் முடிந்தது. சார்மியனுக்கு அது தாங்க முடியாத வருத்தம். இருவரும் ஒரு சரக்குக் கப்பலில் ஈக்வடார் வழியாக 1909-இல் ஊர் திரும்பினார்கள். ஜாக் 1916-இல் நாற்பது வயதில் இறந்தார். சார்மியன் 1955 வரை வாழ்ந்தார்.

ஹவாயில் கேபின் பையனாகச் சேர்ந்த நக்காட்டா பல வருடம் அவர்களோடு இருந்துவிட்டு, பிறகு ஹோனலூலுவில் பல் டாக்டர் ஆனார். சமையல்காரர் மார்ட்டின் ஜான்சன் ஓசாவைக் கல்யாணம் செய்துகொண்டார்; அந்தத் தம்பதி காடுகளிலும் தீவுகளிலும் சினிமாப் படம் எடுத்துப் புகழ் பெற்றார்கள்.

படகு என்ன ஆனது? 30,000 டாலரில் கட்டிய ஸ்நார்க்கை அதில் ஒரு சிறு பங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அதை மெலனேசியத் தீவுகளில் வியாபாரத்துக்கும் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்கும் ஓட்டினார்கள். காதல் கணவனும் மனைவியும் சுதந்திரத்தைத் தேடிக் கட்டிய படகு, கடைசியில் தீவு இளைஞர்களை ஆண்டுக்கு ஆறு பவுனுக்கு ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோகும் படகாக ஆனது. யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. அன்றைக்கு அந்தக் கடலில் ஒரு படகுக்குக் கிடைக்கக்கூடிய வேலை அதுதான்.

ஜாக், சார்மியன் இருவருடைய புத்தகங்களும் காப்புரிமை தாண்டியவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டில் ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் சார்மியனுடையதைப் படியுங்கள். தேதி போட்டு, யாருக்கு எப்போது காய்ச்சல், யார் எப்போது சுக்கான் பிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பிஇலானியின் புத்தகம் 2001-இல் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தக் காலத்துக் கடல் இன்னும் கொஞ்சம் முழுசாகத் தெரியும்.